கன்னத்துக்கு வராத அறை

சம்மனசுபுரத்தில் ஒரு பெண்ணின் கன்னத்தில் விழ வேண்டிய அறை ஒரு வருஷ காலம் அந்தரத்தில் நின்றது என்று சொன்னால் பக்கத்து ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், அவர்கள் ஊரில் ஓங்கிய அறையெல்லாம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்துவிடுகிறது, பாவம், அவர்களுக்கு வேறு என்ன தெரியும். நான் அன்றைக்குச் சப்பரத்தின் பின்தண்டில் தோள் கொடுத்திருந்தவன். அந்த அறையின் சூட்டில் என் மீசை இடது பக்கம் கருகிப்போனது. இன்றுவரை அந்தப் பக்கம் சரியாக முளைக்கவில்லை, சந்தேகப்படுகிறவர்கள் வந்து தடவிப் பார்த்துக்கொள்ளலாம்.

எங்கள் ஊருக்குக் காவல் மிக்கேல் சம்மனசு. சம்மனசு என்றால் எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் வாயில் வானதூதர். கையில் ஓங்கிய வாள், காலடியில் பசாசு. எத்தனையோ தலைமுறையாக அந்த வாள் ஓங்கியபடியே இருக்கிறது, ஒரு நாளும் அவர் அந்தப் பசாசை வெட்டியதில்லை, அதை யாரும் ஒரு செய்தியாக எடுத்துக்கொண்டதுமில்லை. பத்தாம் திருநாளன்று உச்சிவெயில் சாய்ந்ததும் அவரைச் சப்பரத்தில் ஏற்றித் தோளில் தூக்கிக்கொண்டு மேலத்தெரு முழுக்கச் சுற்றி வருவோம். வாசல்தோறும் நோயாளிகளைக் கட்டிலோடு கொண்டுவந்து போட்டிருப்பார்கள். சம்மனசின் நிழல் அவர்கள்மேல் விழுந்து கடந்தால் போதும் என்பது நம்பிக்கை. எழுந்து நடந்தவர்களும் உண்டு, நிம்மதியாகச் செத்தவர்களும் உண்டு, இரண்டுக்கும் வீட்டுக்காரர்கள் மெழுகுதிரி கொளுத்துவார்கள். அப்புறம் சப்பரம் கீழத்தெரு தொடங்கும் முக்கு வரைக்கும் போகும், அங்கே கொஞ்சம் நிற்கும், கீழத்தெரு சனங்கள் எட்ட நின்று உப்பும் மிளகும் எறிந்து கும்பிடுவார்கள், சப்பரம் வாய்க்கால் சந்து வழியாகத் திரும்பிக் கோயிலுக்கு வந்துவிடும். கீழத்தெருவுக்குள் ஏன் போவதில்லை என்று கேட்டால், தெரு குறுகல் என்பார்கள். அந்தத் தெருவில் செங்கல் லாரி போகும், வைக்கோல் வண்டி போகும், சம்மனசு மட்டும் போகமாட்டார்.

இன்னாசியம்மாள் கீழத்தெருக்காரி. சவரிராய முதலாளியின் செங்கல் சூளையில் கல் சுமப்பவள். அவள் புருஷன் தொம்மை பனையேறி. ஒரு மழைக்காலத்தில் வழுக்கி விழுந்ததிலிருந்து இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் கட்டிலில் கிடந்தான். வைத்தியர்கள் எல்லாம் பார்த்துக் கைவிட்ட பிறகு அவனுக்கு ஒரே ஓர் ஆசை மிச்சம் இருந்தது. சம்மனசு தன் வாசலுக்கு வரவேண்டும்.

“கட்டிலத் தூக்கி முக்குல கொண்டு போடுதோம், அங்கன நிழல் விழும்லா?” என்று அவள் கேட்டதற்கு அவன் சொன்னான்: “மேலத்தெருக்காரன் கட்டிலுக்கு அவரு வீடு தேடிப் போவாரு. என் கட்டில் மட்டும் அவரத் தேடிப் போணுமாக்கும்?”

இந்த ஒரு பேச்சுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். அந்த வருஷத் திருநாளில் சப்பரம் முக்குக்கு வந்து நின்றபோது, கூட்டத்திலிருந்து இன்னாசியம்மாள் வெளியே வந்து, நேரே நடந்து, முன்தண்டைக் கையால் பிடித்துக்கொண்டு, “திருப்புங்கய்யா, என் வீட்டுக்காரன் உள்ள கெடக்கான்” என்று சொன்னாள். ஏதோ பஸ்ஸை நிறுத்தச் சொல்கிறவள்போல அத்தனை சாதாரணமாகச் சொன்னாள்.

கோயில் காரியங்களுக்கெல்லாம் தலைவர் சவரிராய முதலாளி. அவர் முன்னால் வந்து புறங்கையால் அவள் வலக்கன்னத்தில் ஒன்று கொடுத்தார். கீழத்தெரு ஆட்களை அவர் எப்போதும் புறங்கையால்தான் அடிப்பார். உள்ளங்கை பட்டால் தீட்டு என்று அவர் அப்பா பழக்கிவிட்டிருந்தார். இன்னாசியம்மாள் தண்டை விடவில்லை. முகத்தைத் திருப்பி இடக்கன்னத்தைக் காட்டினாள். ஊரே பார்த்துக்கொண்டிருக்கிறது. அந்தக் கன்னத்தில் வலது கையால் அடிக்க வேண்டுமென்றால் உள்ளங்கையால்தான் அடித்தாக வேண்டும். அடிக்காமல் விட்டால் கல் சுமக்கிறவளிடம் தோற்றதாகும். முதலாளிக்குக் கண் சிவந்தது, அப்பா சொன்னது மறந்தது, கை விரிந்தது, தோள்வரை பின்னால் போய் முழு வேகத்தில் வந்தது.

அறை கையை விட்டுப் புறப்பட்டுவிட்டது. கன்னத்துக்கு வந்து சேரவில்லை. ஒரு சாண் முன்னால் அப்படியே நின்றுவிட்டது.

கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அந்த இடத்தில் விரிந்த கை அளவுக்குக் காற்று தோசைக்கல்போலச் சுட்டது, பறந்து வந்த தட்டான் வளைந்து போனது. முதலாளி தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பணியாரத்தைத் தின்றுவிட்டு வாழைச்சருகைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். இன்னாசியம்மாள் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக் காத்திருந்துவிட்டு, “இன்னும் வரல முதலாளி” என்றாள்.

நாங்கள் சப்பரத்தை வாய்க்கால் சந்துக்குள் திருப்பப் பார்த்தோம். முடியவில்லை. அறை சந்தின் வாய்க்கு நேரே நின்றது. ஜிகினாத் தாள் புகைந்தது, காகிதப் பூ சுருண்டது, என் மீசை போனதும் அப்போதுதான். முன்னால் போக வேண்டுமென்றால் கீழத்தெரு, அது கூடாது. ஆகவே சம்மனசு அன்றைக்குப் பின்பக்கமாகவே நடந்து கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தார், வாளை எங்களை நோக்கி ஓங்கிக்கொண்டே.

மறுநாள் விடிந்ததும் ஊர் தன் வேலையைப் பார்க்க ஆரம்பித்தது. வேறு என்ன செய்யும்? நெடுஞ்சாலைக்காரர்கள் வந்து அறையைச் சுற்றி நாலு கல் நட்டுச் சிவப்பும் வெள்ளையும் அடித்துவிட்டுப் போனார்கள். பஸ் கண்டக்டர், “அறைமுக்கு இறங்குறவங்க முன்னால வாங்க” என்று கூப்பிடத் தொடங்கினார். மழைக்காலத்தில் வற்றல் காயாத பெண்கள் சுளகை நீட்டிக் காட்டிக் காயவைத்துக்கொண்டு போனார்கள், டீக்கடை தாவீது கம்பியில் கெட்டிலைத் தொங்கவிட்டு விறகுச் செலவை மிச்சம் பிடித்தான், வீட்டில் சண்டை போட்டுக்கொண்ட புருஷனும் பொண்டாட்டியும் அந்த வழியாக வந்தால் பேச்சை நிறுத்திக்கொண்டு ஒருவர் கன்னத்தை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு போனார்கள். சுகமாகாத பல்வலி அதன் அருகே நின்றால் சுகமாகிறது என்று வடக்கேயிருந்து வேன் பிடித்து வந்தவர்களும் உண்டு. அறை யாரையும் ஏன் என்று கேட்கவில்லை. அளவுக்கு மீறிக் கிட்டே போனவர்களை மட்டும் சுட்டது.

சவரிராய முதலாளியின் வலது கைதான் பாடாய்ப் பட்டது. அதிலிருந்து புறப்பட்டது போய்ச் சேராததால் அதற்குள் ஒன்றுமே இல்லாமல் போய்விட்டது. சோற்றைப் பிசைந்தால் விரலிடுக்கில் ஒழுகும், மோதிரம் போட்டால் கழன்று விழும், வேலைக்காரனைக் கூப்பிடக் கை தட்டினால் சத்தம் வராது. நெற்றியில் சிலுவை போட்டால் பட்டதா படவில்லையா என்று அவருக்கே தெரியவில்லை. கோபம் அவருக்குக் கையிலிருந்து போயிற்றே தவிர மனசிலிருந்து போகவில்லை. சூளையில் கீழத்தெரு ஆட்கள் ஒருத்தருக்கும் வேலை கிடையாது என்று சொல்லிவிட்டார்.

இன்னாசியம்மாள் பொழுது சாயும் நேரத்தில் தினமும் முக்குக்கு வந்தாள். வண்ணம் அடித்த கற்களுக்கு நடுவே போய் நின்று இடக்கன்னத்தைக் காட்டினாள். மற்றவர்களைச் சுட்ட அறை அவளை மட்டும் சுடவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, தொம்மைக்குக் கஞ்சி காய்ச்சப் போய்விடுவாள்.

பங்குச்சாமி நல்ல மனுஷர், பயந்த மனுஷரும்கூட. ஒரு நாள் குடையைப் பிடித்துக்கொண்டு வந்து எட்ட நின்று, “இன்னாசி, நீ ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுட்டா இது கலைஞ்சு போயிரும்னு மேலத்தெருவுல சொல்லுதாவம்மா” என்றார்.

“நான் என்ன சாமி செஞ்சேன்? ஒரு கன்னத்துல அடிச்சா மறு கன்னத்தக் காட்டுன்னு நீங்கதானே பூசையில வாசிச்சிய?”

சாமி குடையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். “வாசிச்சது நான்தாம்மா. ஒருத்தி செய்வான்னு நான் நெனச்சே பாக்கலியே.”

மேலத்தெருவார் சும்மா இருக்கவில்லை. தீர்த்தம் தெளித்துப் பார்த்தார்கள், சுர்ரென்று ஆவியாகியது. அறை எப்படியும் ஒரு கன்னத்துக்குத்தானே வந்தது, ஏதாவது ஒரு கன்னத்தைக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது என்று கணக்குப் போட்டு, அடி வாங்கிப் பழகிய ஓர் ஆளைச் சந்தைப்பேட்டையிலிருந்து கூலி பேசிக் கூட்டி வந்தார்கள். குரூஸ் என்று பேர். குடித்துவிட்டு ஏழு ஊர்ப் போலீசிடமும் வாங்கிய கன்னம். அவன் செபம் பண்ணிவிட்டுப் போய்க் கன்னத்தை நீட்டினான். அறை அவனை நெருங்கவே விடவில்லை. கிருதா கருகி ஓடி வந்தவன், “இது எனக்கு எழுதுன அடி இல்ல அண்ணாச்சி. என் அடி எனக்குத் தெரியாதா?” என்று சொல்லிவிட்டு, கூலியை மட்டும் வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தான்.

வேலை போய்ச் சில மாதங்களில் கீழத்தெருவில் உலை கொதிப்பது அபூர்வமாயிற்று. அறையைப் பார்க்க வருகிறோம் என்று வந்த மேலத்தெருப் பெண்கள் சிலர் மூடிய பாத்திரங்களை முக்கில் மறந்துவிட்டுப் போகத் தொடங்கினார்கள்; அதே பெண்கள் அதே மறதியோடு மறுநாளும் வந்தார்கள். ஆனாலும் வயிறு ஒரு தெரு அளவுக்கு இருந்தது. இன்னாசியின் தம்பி அருளப்பனும் அவன் வயசுப் பையன்களும் அரிவாளைத் தீட்ட ஆரம்பித்தார்கள்.

ஒரு சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. கன்னம் காட்டி நின்ற இன்னாசி, அந்த நிலையிலேயே பக்கவாட்டில் நடந்து புளியமரத்தடிக்கு ஒதுங்கினாள். மழைக்குள் ஆவி பறக்க அறையும் அவள்கூடவே வந்தது. அவள் நின்றால் நின்றது, நடந்தால் நடந்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டபோது மட்டும் கன்றுக்குட்டிபோலப் பழைய இடத்துக்குத் திரும்பிப் போனது. அருளப்பன் அதைப் பார்த்துவிட்டான்.

“எக்கா! இது நீ போற எடத்துக்கெல்லாம் வருதா?”

“மழை வந்த அன்னைக்கெல்லாம் வந்திருக்கு.”

“இத்தன நாளும் சொல்லல பாத்தியா! இப்பமே வா. சூளைக்குக் கூட்டிட்டுப் போவோம். ஓலைக் கொட்டகைக்குள்ள ஒரு சுத்து சுத்தி வா, போதும். அப்புறம் அவரு வீட்டு வைக்கோல்போரு. நம்ம கையில தீப்பெட்டிகூட இல்லன்னு போலீசுல சத்தியம் பண்ணலாம்.”

“ஏன்?”

“ஏனா? பட்டினி கெடக்கோம்லா? வருஷம் பூரா கன்னத்தக் காட்டி நின்னியே, ஒரு புல்லு அசஞ்சிச்சா?”

“அவரு கை தட்டுனா சத்தம் வரமாட்டேங்குதுல்ல.”

“வெளாடாதக்கா!”

இன்னாசி முந்தானையைப் பிழிந்துகொண்டே சொன்னாள்: “லே, இந்த அடிய நான் எடுத்து அவர அடிச்சேன்னா நாளைக்கு அவரு என்ன அடிப்பாரு, நாளக்கழிச்சு நீ அடிப்ப. சம்மனசு வாசலுக்கு வரமாட்டாரு, போலீசுதான் வரும். உன் அத்தான் கேட்டது தீயா? அவன் கேட்டது நெழலு. உனக்கு வீரம் மிஞ்சிக் கெடந்தா நாளைலேருந்து எம்பக்கத்துல வந்து நில்லு. அருவாளப் போட்டுட்டு வா. கையில சாமான வச்சுக்கிட்டு நிக்க யாருனாலும் முடியும்.”

அருளப்பன் அவளைக் கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டுப் போனான். மூன்று நாள் வரவில்லை. நாலாம் நாள் வந்து பக்கத்தில் நின்றான். பல்லைக் கடித்துக்கொண்டு, யாரையாவது கொல்லப் போகிறவன்போல நின்றான், ஆனால் வெறுங்கையோடு நின்றான். அவனைப் பார்த்து அவன் கூட்டாளிகளும் வந்தார்கள், கிழவர்கள் வந்தார்கள், பிள்ளைத்தாச்சிகள் வந்தார்கள், தினமும் பொழுது சாயும் நேரத்தில் கீழத்தெரு முழுவதும் முக்கில் வந்து ஒரே பக்கம் முகம் திருப்பி நிற்க, அந்த வழியாகப் போகும் மேலத்தெருக்காரனுக்கு இத்தனை கன்னங்களை எப்படித் தாண்டிப் போவதென்று தெரியாமல், வரப்பு வழியாகச் சுற்றிப் போகிற பழக்கம் வந்துவிட்டது.

அடுத்த திருநாள் கிட்டே வந்தது. சம்மனசை மறுபடியும் பின்பக்கமாக நடத்துவது ஊருக்கு ஆகாது. அதற்காகக் கீழத்தெருவுக்குள் போகவும் முடியாது. மேலத்தெருவார் கூடிக் கூடிப் பேசி, எந்த ஊர்க்காரனும் செய்யாத ஒரு காரியம் செய்தார்கள். ஒரு தெருவுக்குள் போகாமல் இருப்பதற்காகச் சொந்தச் செலவில் ஒரு தெரு போட்டார்கள். முதலாளியின் புளியந்தோப்பில் அவர் தாத்தா வைத்த மரங்களையே வெட்டிச் சாய்த்து, முக்குக்கு வெகுதூரம் முன்னாலேயே கோயிலுக்குத் திரும்புகிற மாதிரி சரளைக்கல் பாதை ஒன்று போட்டார்கள். மரம் விழும்போது முதலாளி இடது கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

பத்தாம் திருநாள். சப்பரத்தைத் தூக்கிக்கொண்டு புதுப்பாதை பிரிகிற இடத்துக்கு வந்தோம். பாண்டு வாத்தியக்காரர்கள் சட்டென்று நிறுத்தினார்கள். கீழேயிருந்து இன்னாசியம்மாள் நடந்து வந்துகொண்டிருந்தாள், இடக்கன்னத்தைக் காட்டியபடி பக்கவாட்டில், காலைப் பார்த்துப் பார்த்து வைத்து. அவளுக்கு முன்னால் காற்று நடுங்கிக்கொண்டு வந்தது. பின்னால் வெறுங்கையோடு அவள் தெரு வந்தது. கூட்டம் ஓலை கிழிவதுபோலப் பிளந்து வழிவிட்டது. அவள் அந்தச் சூட்டைக் கொண்டு முதலாளியைப் பொசுக்கப் போகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். முதலாளியும் அப்படித்தான் நினைத்தார். ஓடவில்லை, அதையும் சொல்லவேண்டும், வேட்டியை இறுக்கிக்கொண்டு கண்ணை மூடி நின்றார்.

அவள் அவருக்கு எதிரே வந்து நின்றாள்.

“ஒங்க அடி முதலாளி. பத்திரமா கொண்டாந்திருக்கேன். ஒண்ணு, முடிச்சிருங்க. இல்ல, திருப்பி எடுத்துக்கிடுங்க. நடுவுல நின்னா யாருக்கும் பொழப்பு ஓடல.”

முதலாளி கண்ணைத் திறந்தார். வெறும் கை தானாக மேலே எழுந்தது, நடுங்குகிற காற்றுக்குள் போனது, வாள் உறைக்குள் இறங்குவதுபோல அவர் கையும் அந்த அறையும் ஒன்றாயின. கைக்குக் கனம் திரும்பிவிட்டதை விரல்கள் மடங்கியதில் பார்த்தோம். சூடு அடங்கியது. இனிமேல் அதைத் தடுத்து நிறுத்த அந்தரத்தில் ஒன்றுமில்லை என்று அங்கே நின்ற ஆடுமாட்டுக்குக்கூடத் தெரிந்தது. ஒரு மனுஷன், ஒரு கை, ஒரு கன்னம், அவ்வளவுதான். திருப்பி எடுத்துக்கொள்ளட்டும் என்று சாமி வாய்க்குள் செபம் சொன்னார்.

முதலாளி அடித்தார்.

ஒரு வருஷம் வராத சத்தம் சேர்ந்து வந்தது. கோயில் புறாக்கள் எழும்பிப் பறந்தன. இன்னாசியம்மாள் தடுமாறி முழங்காலில் விழுந்தாள். அருளப்பனின் கை இடுப்புக்குப் போனது, அங்கே ஒன்றுமில்லை, அந்தக் கையால் அக்காளைத் தூக்கினான். அவள் எழுந்தாள். உதட்டோர ரத்தத்தைத் துடைத்தாள். முகத்தைத் திருப்பி வலக்கன்னத்தைக் காட்டினாள்.

“இன்னும் இருந்தா தாங்க. ஆனா என் வீட்டுக்காரன் காத்துக் கெடக்கான்.”

யாரும் உத்தரவு போடவில்லை. முன்தண்டுக்காரன் யாகப்பன் தோள் மாற்றுவதுபோல ஒரு தரம் அசைந்தான், சப்பரம் புதுப்பாதையை விட்டு முகத்தைத் திருப்பியது, நாங்கள் பின்தண்டுக்காரர்கள் திரும்பின பக்கம் திரும்பினோம், எங்கள் காலை யார் நடத்தினார்கள் என்று கேட்டால் எங்கள் கால்தான் நடந்தது, வேறு யாருமில்லை. “எங்கல போறிய? எங்கல?” என்று முதலாளி பின்னால் சத்தம் போட்டார். பாண்டுக்காரர்கள் வாசிக்கத் தொடங்கியதால் கேட்காததுபோலப் போய்விட்டோம். மேலத்தெருப் பெண்கள், பிள்ளைகள், மழித்த தலைகள், மெழுகுதிரிகள், எல்லாம் எங்கள் பின்னால் கீழத்தெருவுக்குள் இறங்கின. தெரு குறுகலாகத்தான் இருந்தது. கூரைகளில் இடித்து இரண்டு பக்கமும் காகிதப் பூ உதிர்ந்தது.

தொம்மை வாசலில் கட்டிலில் கிடந்தான். சம்மனசின் நிழல் காலில் ஏறி, உணர்வில்லாத இடுப்பைக் கடந்து, நெஞ்சுக்கு வந்து நின்றது. அவன் எழுந்து நடக்கவில்லை. அண்ணாந்து பார்த்து, “வாரும், இம்புட்டு நேரமா?” என்று மட்டும் கேட்டான்.

அன்றைக்கு அசனம், அதுதான் ஊர்ப் பொது விருந்து, கீழத்தெருவிலேயே நடந்தது. கோயில் முற்றத்தில் கொதித்த அண்டாக்களை மேலத்தெருவார் கம்பு கோத்துத் தூக்கி வந்தார்கள். மணலில் இரண்டு பக்கமும் இலை போட்டார்கள். சிலர் கொஞ்சம் தள்ளித்தான் உட்கார்ந்தார்கள், சிலர் பசியில்லை என்று வீட்டுக்குப் போனார்கள், ஒரே நாளில் எல்லாம் மாறிவிட்டது என்று பொய் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. இலை போட்டுக்கொண்டிருந்த இன்னாசியம்மாள் எண்ணிப் பார்த்துவிட்டு, கன்னத்து வீக்கத்தோடு புதுப்பாதை பிரிகிற இடத்துக்குத் திரும்பிப் போனாள்.

சவரிராய முதலாளி அங்கேயே தனியாக நின்றுகொண்டிருந்தார்.

“சாப்பிட வாங்க முதலாளி.”

“போடீ.”

“சோறு வடிச்சாச்சு.”

“நான் வரமாட்டேன்னு சொன்னேன்லா? போ அங்கிட்டு.”

“சரி, நான் நிக்கேன்.”

அவள் நின்றாள். முதலாளிக்கு அப்போதுதான் பயம் பிடித்தது. அவள் நிற்பது எப்படிப்பட்டதென்று ஊரில் அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? வெயில் இறங்கியது. கறிக்குழம்பு வாசம் வந்தது. அவர் இந்தப் பக்கம் திரும்பினார், அந்தப் பக்கம் திரும்பினார், வெட்டிய புளியமரத்து அடிக்கட்டையில் உட்கார்ந்தார், எழுந்தார். அவள் நின்றுகொண்டிருந்தாள்.

கடைசியில் அவளைப் பார்க்காமலே கேட்டார்: “எனக்கு எங்கன எலை போட்டிருக்கு?”

“என் வீட்டுக்காரனுக்குப் பக்கத்துல. அவனால எந்திரிச்சு உக்கார முடியாது, படுத்துக்கிட்டே திங்கணும். நான் பந்தி விசாரிக்கப் போணும், வேற ஆளில்ல. நீங்கதான் ஊட்டி விடணும்.”

முதலாளி வலது உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். சிவந்து, கன்றிப்போய், அவள் காதுத் தோட்டின் அச்சோடு இருந்தது. வெகுநேரம் பார்த்துக்கொண்டே நடந்தார். முக்கைத் தாண்டினார், கீழத்தெருவுக்குள் வந்தார், கட்டிலருகே நின்றார். தொம்மை அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “கொழம்பக் கொஞ்சமா விடச் சொல்லும், எனக்குக் காரம் ஆகாது” என்றான்.

“கை கழுவத் தண்ணி எங்க இருக்கு?” என்று முதலாளி கேட்டார்.

இன்னாசியம்மாள் குடத்தைச் சாய்த்தாள்.